கை பட்டவன் வெளியே

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நாலு பேர். வானொலி நிலையத்தை நடத்துகிற அக்கா. இசைக்கருவிகள் விற்கிற கடைக்காரர். எந்தப் பாட்டைக் கேட்டாலும் முகம் சுளிப்பதால் எலுமிச்சை என்று பேர் வாங்கிய விமர்சகர். அப்புறம் ஒலிப்பதிவு செய்கிற மைக். அம்மா அவனுக்கு வைத்த பேர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அந்த ஆண்டு சினிமாவையும் கம்பெனிகளையும் நம்பாமல் சொந்தமாக வெளிவந்த ஆல்பங்களை மறுபடி கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை ஆண்டின் கடைசி ஞாயிறன்று முழுதாக ஒலிபரப்புவார்கள். பாடியவர் வந்து பேசலாம். பெரிய விஷயமில்லைதான். ஆனால் பாடியவரின் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாராவது பாட்டைக் கேட்க அந்த ஊரில் இருந்த வழி அது ஒன்றுதான்.

அக்கா ஒரு விதி வைத்திருந்தாள். ஓர் ஆல்பத்தில் வேலை செய்தவர், அதைப் பற்றிப் பேசும்போது உள்ளே இருக்கக் கூடாது. கை பட்டவன் வெளியே. காலையிலிருந்து மைக் பலமுறை எழுந்து போய் நடையில் நின்றுவிட்டு வந்திருந்தான்.

மோசமான ஆண்டு. பாடியவர்களில் பாதிப் பேர் வாடகை பாக்கிக்காரர்கள் மாதிரி, வீட்டுக்காரர் காதில் விழுந்துவிடுமோ என்று முணுமுணுத்திருந்தார்கள். மீதிப் பேர் அந்த வீட்டுக்காரரையே ஊரைவிட்டுத் துரத்துகிற மாதிரி கத்தியிருந்தார்கள். ஒரு குழு இரும்புப் பட்டறைச் சத்தத்தைப் பதிவு செய்து அதன்மேல் கிதார் வாசித்திருந்தது. பட்டறை நன்றாக இருந்தது. இன்னொருவர் மனைவி விட்டுப் போன துக்கத்தை ஆல்பம் முழுக்கப் பாடியிருந்தார்.

"இதைக் கேட்டப்புறம்தான் அந்தம்மா ஏன் போனாங்கன்னு புரியுது" என்றார் எலுமிச்சை.

கடைசியில் மைக்கின் தங்கையுடைய ஆல்பம் வந்தது. அவன் எழவில்லை.

"தங்கச்சின்னு எழுந்துக்காத" என்றாள் அக்கா. "வேலை செஞ்சவங்கதான் போகணும். சொந்தம் பார்த்தா இந்த ஊர்ல கை தூக்க ஆளே மிஞ்சாது. இதுல உன் பேரும் இல்லையே?"

"இல்ல" என்றான் மைக்.

பேர் இல்லைதான். கிடங்கில் பிழைப்புக்குப் பார்க்கும் இரவுக் காவல் முடிந்து, கண் எரிய வீட்டுக்கு வந்து, தங்கையின் அறை ஜன்னலில் கம்பளி மாட்டி, அவளைத் துணி அலமாரிக்குள் தலையை நீட்டிப் பாடச் சொல்லிப் பதிவு செய்தவன் அவன். கீழ்வீட்டு மோட்டார் ஓடும்போதெல்லாம் நிறுத்திக் காத்திருந்தவன் அவன். ஆல்பம் வந்தபோது, 'எல்லாம் நானே' என்று போட்டிருந்தாள்.

"உன் பேரைப் போட்டா, அண்ணன் செஞ்சு குடுத்தான், இவ வாயசைச்சான்னுதான் பேசுவாங்க" என்றாள்.

"அவ உன் தங்கச்சிடா. பேரு போடலன்னா தேய்ஞ்சா போயிடுவே?" என்றாள் அம்மா. அன்று காலையிலும் செருப்பு மாட்டும்போது அதையேதான் சொன்னாள்: வாயை மூடிக்கிட்டு உட்காரு, கையைத் தூக்கு, வா.

பாட்டுகள் ஓடி முடிந்தன. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எலுமிச்சையின் முகம் முதல்முறையாகச் சுளிக்கவில்லை.

"மூணாவது பாட்டுல, பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கறா பாருங்க. வேற யாராயிருந்தாலும் வெட்டியிருப்பாங்க. இவ விட்டிருக்கா. அந்த ஒரு மூச்சுக்கே குடுக்கலாம்யா" என்றார் எலுமிச்சை.

அந்த மூச்சை வெட்டச் சொல்லி அவள் அழுதிருந்தாள். அசிங்கமா இருக்கு என்றாள். வெட்ட மாட்டேன் என்று இவன் சோறு தண்ணியில்லாமல் சண்டை போட்டிருந்தான்.

"அப்ப இதுதான்" என்றாள் அக்கா. "எல்லாரும் கையைத் தூக்குங்க."

மூன்று கைகள் உயர்ந்தன. மைக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

"எங்கப்பா போற?"

"விதிதானே அக்கா. கை பட்டவன் வெளியே."

நடையில் போய் நின்றான். கண்ணாடி வழியாக உள்ளே மூன்று வாய்கள் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது முடிவாகியிருந்தது. எல்லாம் நானே என்று பொய் சொன்ன ஆல்பத்தை ஒலிபரப்ப முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பட்டறை ஜெயித்தது.

எலுமிச்சை அவன் தோளைத் தட்டினார். "நீதானா! நானும் யோசிச்சேன், ஒரு பொண்ணு தனியா இவ்வளவு பண்ணிடுவாளான்னு."

ஓர் ஆண்டாக அவன் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். கேட்டதும் வாயெல்லாம் கசந்தது. தங்கை சொல்லியிருந்ததைத்தான் அந்த ஆள் சொன்னார், வார்த்தைதான் வேறு.

"பாடினது அவதான்" என்றான் மைக்.

"அது சரிப்பா, யாரு இல்லைன்னா" என்றார் எலுமிச்சை, தன் பையை எடுத்துக்கொண்டே.

அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் அக்காவின் போன் போயிருந்தது. அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. தங்கை தன் அறையில், ஜன்னலில் மாட்டிய கம்பளியை இறக்கி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிம்மதியா?" என்றாள்.

"நான் பொய் சொல்லலையே."

"நீ எங்க சொன்ன? நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுந்து போனே." கம்பளியை அவன் கையில் திணித்தாள். "என்ன சொன்னாங்க உன்னப் பத்தி? நல்லா சொன்னாங்களா?"

அவன் கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"சொல்லியிருப்பாங்க. அடுத்த தடவை அலமாரிக்குள்ள நீயே தலையை விட்டுப் பாடிக்கோ."

"அடுத்ததுல ரெண்டு பேர் பேரும் போடலாம்..."

"வெளிய போண்ணா."

கம்பளியோடு கூடத்துக்கு வந்தான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.