மலர்வளையத்தில் வந்த வாழ்த்து

தப்பு என்னுடையதாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தன் தப்பென்றால் ஒத்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடலாம். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தால்தான் சோறு இறங்காது. அதிலும் அந்த அடுத்தவர் அக்காவின் கணவராக இருந்தால் தண்ணீர்கூட இறங்காது.

ஒரு பூக்கடையின் இணையதளம் அது. பூ வாங்குகிறவர் கூடவே அனுப்ப ஓர் அட்டையில் சேதி எழுதுவார். அந்தப் பக்கத்தை டேக்குகள் என்னும் குறிச்சொற்களால் கட்டியவள் இவள். சேதியை வாங்கி அட்டையாக அச்சுக்கு அனுப்பும் சர்வ்லெட் என்னும் நிரலை ஜாவா மொழியில் எழுதியவர் அத்தான். இவளுடைய பக்கம் ஒரே ஒரு டேக்கால் அதைக் கூப்பிட்டு, பெயரையும் சேதியையும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

"கூப்பிடறதெல்லாம் ஒரு வேலையா? வாசல்ல நின்னு நான்கூடத்தான் கூப்பிடுவேன்" என்பார் அத்தான். வேலை வாங்கிக் கொடுத்தவராயிற்றே என்று இவளும் சிரித்துவைப்பாள்.

போன வாரம் ஒரு பணி ஓய்வு விழாவுக்குப் போன பூங்கொத்தில் "ஆழ்ந்த இரங்கல்" என்று இருந்தது. இன்னொரு நாள், கணவரை இழந்த ஓர் அம்மாள் வீட்டுக்குப் போன மலர்வளையத்தில், "இனி யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், ஜாலியாக இருங்கள்" என்று இருந்தது. புகார் செய்தவர் ஓய்வு பெற்றவர்தான். அந்த அம்மாள் செய்யவில்லை. அட்டையை அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

யார் தப்போ அவரை இந்த வேலையிலிருந்து தூக்கிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

தனியாகச் சோதித்தபோதெல்லாம் அட்டை ஒழுங்காக வந்தது. கடைசியில் வரவேற்பு மேசைப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கணுமா? ஓட்டப் பந்தயம் மாதிரி இருக்கே" என்றாள் அவள்.

அமுக்கினார்கள். நாலைந்து தடவை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வந்த இரண்டு அட்டைகளிலும் "செல்லக்குட்டிக்கு ஆயிரம் முத்தம்" என்றே இருந்தது. அதில் ஒன்று மேலாளர் பெயருக்கு இவள் போட்ட அட்டை.

"ஐயோ, அதைக் கிழிச்சுப் போடு முதல்ல" என்றாள் மேசைப் பெண்.

இவளுக்கு விளங்கிவிட்டது. எத்தனை பேர் கூப்பிட்டாலும் சர்வ்லெட் ஒரே ஆள்தான். அத்தான் அதற்கு ஒரே ஒரு சட்டைப்பை வைத்துத் தைத்திருக்கிறார். முதல் ஆளின் சேதி பையில் இருக்கும்போதே அடுத்தவர் வந்தால், அதை எடுத்துப் போட்டுவிட்டு அவருடையதைத் திணித்துக்கொள்கிறது.

மத்தியானம் அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இவளுடைய கணினியிலேயே ஒரு மின்னஞ்சலைத் தட்டினார். "டேக் தப்பாக் கூப்பிட்டுடுச்சுன்னு எழுதியிருக்கேன். கீழே உன் பேரைப் போட்டு மேலாளருக்கு அனுப்பிடு. நான் சத்தமில்லாம என் பக்கத்தைத் திருத்திடறேன்."

"அப்போ தப்பு உங்க பக்கம்னு தெரியுமா அத்தான்?"

"தெரியாமலா திருத்தறேன்னு சொல்றேன்? இதோ பாரும்மா, எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். நீ டேக் எழுதறவ. உன்கிட்ட யாரும் பெருசா எதிர்பார்க்கல." குரலைக் குழைத்தார். "உங்க அக்காவும் சொன்னா. சின்ன வயசுல அவ உடைச்ச கண்ணாடிக்கெல்லாம் நீதான் அடி வாங்குவியாமே. பழக்கமானதுதானே?"

பழக்கமானதுதான். யார் எதைக் கொண்டுவந்து திணித்தாலும் வைத்துக்கொண்ட பைதான் இவளும். தன் சேதி என்று அதில் என்ன இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. அந்த அம்மாளின் அலமாரியில் நிற்கும் அட்டை ஏனோ நினைவுக்கு வந்தது.

"உங்க பேரைப் போடுங்க அத்தான். எழுத்துப்பிழை இருந்தா நான் பார்த்துத் தர்றேன்."

"சாயங்காலம் உங்க அக்கா கூப்பிடுவா, தெரியும்ல?"

"கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு, விசைப்பலகையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள். காலியான இடத்தில் சாப்பாட்டு டப்பாவை வைத்துத் திறந்தாள்.