கலேம்பாவின் இன்பாக்ஸ் கோட்டை

மனிதகுலம் எழுப்பிய கோட்டைகள் எல்லாம் இடிந்துபோயின. இனி இடியாமல் நிற்கப்போவது, ஒழுங்காகக் காவல் காக்கப்பட்ட ஓர் இன்பாக்ஸ் மட்டுமே. கம்பாலாவில் நாகுரு நண்பர்கள் சங்கத்தின் மேடையில் கலேம்பா இப்படி முழங்கியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேடையை விட்டு அவர் இறங்கும்போதே சட்டைப்பையில் கைபேசி முனகியது. கோட்டைக்குள் மெத்தைக் கடை விளம்பரம் ஒன்று வந்து விழுந்திருந்தது.

"எவனோ என் முகவரியை வித்திருக்கான்" என்று பல்லைக் கடித்தார். வங்கியைச் சந்தேகப்பட்டார், தொலைபேசிக் கம்பெனியைச் சந்தேகப்பட்டார், தேவாலயத்துப் பொருளாளரைக்கூட விடவில்லை.

அவர் சொன்ன யோசனைகள் என்னவோ அப்பழுக்கில்லாதவை. கடைக்கு ஒரு முகவரி வை, சொந்தபந்தத்துக்கு வேறு முகவரி வை. தெரியாதவன் மெயிலைத் திறக்காதே. அதிலுள்ள படத்தை இறங்க விடாதே, நீ திறந்துவிட்டாய் என்று அனுப்பியவனுக்கு அந்தப் படமே கோள் சொல்லிவிடும். பொத்தான் எதையும் அழுத்தாதே. முக்கியமாக, குப்பை மெயிலுக்குப் பதில் போடாதே. பதில் போட்டால் இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று நீயே காட்டிக்கொடுக்கிறாய்.

இந்தக் கடைசி விதியை மட்டும் அவர் தமக்குப் பொருத்திக்கொள்ளவில்லை. மோசடிக்காரனைத் திட்டாமல் விடுவது அவர் சுபாவத்தில் இல்லை. 'பணிவுடன்', 'பெருந்தகையே', 'விலைமதிப்பற்ற' என்று குழைந்து வரும் எந்த மெயிலையும் அவருடைய ஃபில்டர் பிடித்து அந்த நிமிடமே அழித்துவிடும். அழிப்பதற்கு முன் ஒரு பதிலும் தானாகப் போகும்: 'உங்கள் மோசடி முயற்சி பதிவுசெய்யப்பட்டது. இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.'

இந்த நேரத்தில்தான் அவருடைய மகள் நமுத்தேபியைப் பெண் கேட்டு, அவள் மனதுக்குப் பிடித்த செம்பூயாவின் வீட்டார் கடிதம் எழுதினார்கள். கடிதம் வந்து, பெண்ணின் அப்பா சம்மதம் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் வாசலை மிதிக்கலாம். காகிதத்தில் எழுதினால் கொண்டுவருகிற மோட்டார்சைக்கிள்காரன் வரை எல்லாரும் படித்துவிடுவார்கள், ஆகவே மெயிலில்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டவர் கலேம்பாவேதான்.

பெண் கேட்கும்போது நேராகக் கேட்பவன் வளர்ப்புச் சரியில்லாதவன். ஆகவே செம்பூயாவின் குலத்துப் பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்புமாக ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்து எழுதினார்கள்: 'பெருந்தகையே, முன்பின் அறியாத எங்களிடமிருந்து இம்மடல் வருவது தங்களுக்கு வியப்பளிக்கலாம். தங்கள் இல்லத்தில் விலைமதிப்பற்ற ஒரு பொருள் இருப்பதாக நம்பகமானவர்கள் வழியே அறிந்து, பணிவுடன்...'

ஃபில்டரைக் குறை சொல்ல முடியாது.

பதிலைப் பார்த்த பெரியவர்கள், பணிவு போதவில்லை போலும் என்று இன்னும் பணிந்து எழுதினார்கள். அடுத்த தடவை காலிலேயே விழுந்தார்கள். பதில் மாறவில்லை. இனி ஒரே ஒரு கடிதம், அதுவும் போகாவிட்டால் வேறு வீடு பார்ப்போம் என்று முடிவாயிற்று.

"அப்பா, மெயில்ல அந்தக் குப்பையை ஒரு தடவை திறந்து பாருங்களேன்" என்றாள் நமுத்தேபி. கண் சிவந்திருந்தது.

"குப்பையைச் சேத்து வைக்கிறவன் சுத்தக்காரனாம்மா? அதெல்லாம் அப்பவே அழிஞ்சிடும். அந்தப் பையன் எழுதவே இல்ல. மரியாதை தெரியாத பய."

பெண்ணின் கல்யாணக் காரியங்களுக்குப் பொறுப்பான அத்தை, கலேம்பாவின் தங்கை நகாயிசா, கைபேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அண்ணே, இதைப் படி. மாப்பிள்ளை வீட்டுக்கு நீ போட்ட பதில். பொண்ணு கேட்டு வந்தவங்களைத் திருடன்னு சொல்லியிருக்க!"

கலேம்பா படித்தார். தொண்டையைச் செருமினார். "வாக்கியம் நல்லா அமைஞ்சிருக்கு, இல்ல?"

"நீயும் உன் வாக்கியமும்! அந்த எழவெடுத்த ஃபில்டரை எடுத்துத் தொலை."

"அடுத்த வாரம் சங்கத்துல இன்பாக்ஸ் காவலுக்குன்னு எனக்கு விருது குடுக்கறாங்க. இப்பப் போய் எடுத்தேன்னு தெரிஞ்சா என்ன ஆகும்?"

"விருதையே கட்டிக்கிட்டு அழு. உன் மக என்னோட வந்து இருக்கட்டும்."

நமுத்தேபி எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே செம்பூயாவிடம் பேசும் சத்தம் கேட்டது. செம்பூயா என்ன வேலை செய்கிறான் என்று கலேம்பா அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலை தேநீருக்குக் காத்திருக்கையில் கைபேசி முனகியது. 'மெத்தை! கடைசி வாய்ப்பு! இன்றே முந்துங்கள்!' அதில் பணிவும் இல்லை, பெருந்தகையும் இல்லை; ஃபில்டர் சலாம் போட்டு உள்ளே விட்டிருந்தது. கலேம்பா இப்படியும் அப்படியும் பார்த்தார். யாரும் இல்லை. திறந்தார். பெரிய மெத்தைப் படத்தின்கீழ் 'எனக்கு வேண்டும்' என்று பச்சைப் பொத்தான் ஒன்று மின்னியது. அழுத்தினார். இணையம் மந்தமாக இருந்ததால் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

பிறகுதான் கீழே படித்தார்: 'ஒரு மருமகன், வாழ்நாள் உத்தரவாதத்துடன். கூடவே ஆடுகள், ஒரு மாடு, அத்தைக்குப் புது உடுப்பு. பொத்தானை அழுத்தினால் சம்மதம் என்று பொருள்.'

அதற்குள் பொத்தான் செம்பூயாவிடம் கோள் சொல்லி, வாசலில் நகாயிசாவின் குலவைச் சத்தம் தெருவை எழுப்பிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில், பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்த கடிதத்தைப் பந்தலில் உரக்கப் படிப்பது வழக்கம். வந்து சேர்ந்தது இந்த ஒன்றுதான். வெள்ளை அங்கியும் கறுப்புக் கோட்டுமாக எழுந்து நின்று, இரண்டு குலத்தாரின் முன்னிலையில் கலேம்பா அதைப் படித்தார், 'இன்றே முந்துங்கள்' உட்பட. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் எழுந்து, "எங்க மோசடி முயற்சி ஒருவழியா பலிச்சிடுச்சு!" என்றார். பந்தல் குலுங்கியது.

கலேம்பா விறைத்து நின்றார். விட்ட கௌரவத்தைப் பிடிக்க ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. மருமகன் கடைகளுக்காக விளம்பர மெயில் அனுப்பும் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

"மாப்ள, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. என் முகவரியை உங்க கம்பெனிக்கு வித்தது யாரு?"

மண்டியிட்டிருந்த செம்பூயா தலையைத் தூக்கவில்லை. "வேணாம் மாமா."

"சொல்லுங்க மாப்ள. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

"லுகோகோ பொருட்காட்சியில நீங்களே எழுதிப் போட்டீங்க மாமா. இலவச மெத்தைக் குலுக்கலுக்கு."

குலுக்கலில் அவருக்கு மெத்தை விழவில்லை.