இன்றைய பான்கேக்

மற்ற இடங்களில் பலகையில் எழுதியதைச் சமைப்பார்கள். எங்கள் வீட்டில் அவர் சமைத்ததை நான் பலகையில் எழுதுவேன். ஒன்றரை வருடமாக அப்படித்தான் ஓடியது. ஒருத்தருக்கும் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

மாடியில் நான்கு அறைகள். தங்குகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடும் எங்களிடம்தான். துணி, குழாய், தொலைபேசி, புகார் எல்லாம் என் பாடு. அடுப்பு என் வீட்டுக்காரர் பாடு. கப்பலில் இருபத்தெட்டு வருடம் கரண்டி பிடித்தவர். அவருடைய பான்கேக்குக்காகவே சுற்றுவழியாக வந்து தங்கிப் போகிறவர்கள் உண்டு. மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களை இரண்டு பெட்டிகளில் அடைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்கிறவர் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். பெட்டிக்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

கல்லின் சூடு பார்க்க ஊற்றுகிற முதல் பான்கேக் எப்போதும் எனக்கு. ஒரு நாள் வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. சர்க்கரையே இல்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அடுத்ததைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எப்படி?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? "பிரமாதம்" என்றேன். லேசாக ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் சாப்பாட்டு அறைக்குப் போய்க் கரும்பலகையில் 'இன்று: தேன் பான்கேக்' என்று எழுதி, மேசைக்கு மேசை தேன் பாட்டிலை வைத்தேன். அடித்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

வாரத்துக்கு ஒன்றாக இருந்த மறதி நாளுக்கு ஒன்றானது. பேக்கிங் பவுடரை மறந்தால் தட்டையாக வரும். ஜாம் தடவிச் சுருட்டினால் அது சுருள் பான்கேக். பவுடரை இரண்டு தரம் போட்டுவிட்டால் உப்பிக்கொண்டு வரும், அது மெத்தைப் பான்கேக். உப்பை இரண்டு தரம் போட்ட அன்று மேலே சீஸும் தக்காளியும் வைத்து, 'பெரியவங்க பான்கேக்' என்று எழுதினேன். முட்டையை மறந்த அன்று, முட்டை சாப்பிடாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகவே செஞ்சீங்களா?" என்று கண் கலங்கினார். ஆமாம் என்று கூசாமல் தலையாட்டினேன்.

"அக்கா, அண்ணன் மூளை தனி மூளைக்கா. தினம் ஒண்ணு எப்படித்தான் தோணுதோ!" என்பார் பெட்டிக்காரர்.

"அதை ஏன் கேக்குறீங்க, தட்டைக் காலி பண்ணுங்க" என்று நகர்ந்துவிடுவேன்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. தலையைப் படம் எடுத்தார்கள். "ஞாபகம் மெதுவாத்தான் போகும். ஆனா போனது திரும்பி வராதும்மா. பழகின வேலையைச் செய்யட்டும், பக்கத்துல ஒருத்தர் இருந்து பாத்துக்கணும்" என்றார் டாக்டர். ஒருத்தர் என்றால் வேறு யார், நான்தான். என் கூடப் பிறந்த தங்கை வந்தால் "புதுசா தங்க வந்திருக்காங்களா?" என்று என் காதில் கேட்கிற மனுஷன், கல்லுக்கு முன்னால் நின்றால் அதே பழைய ஆளாக இருந்தார். மாவை ஊற்றுவதும் சுண்டித் திருப்புவதும் அச்சு அசல் அப்படியே. அந்த இடத்திலிருந்தும் அவரை விலக்கிவிட்டால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? அதனால்தான் எழுதினேன். எழுதி எழுதி அவரை அடுப்பு முன்னால் நிற்க வைத்தேன்.

போன மாதம் மூன்றாம் அறைக்கு ஒரு வக்கீலம்மாவும் அவருடைய ஐந்து வயது மகளும் வந்தார்கள். குட்டி சரியான வாயாடி. படியேறி முடிப்பதற்குள் என் வயது, என் எடை, எங்களுக்கு ஏன் நாய் இல்லை என்று எல்லாம் கேட்டுவிட்டாள். சாவியை வாங்கும்போது அந்த அம்மா சொன்னார்: "பாப்பாவுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாதுங்க. துளி பட்டாலும் மூச்சு அடைச்சிடும். ஊசி எப்பவும் பையிலயே வச்சிருப்பேன்."

"கவலையே படாதீங்க" என்றேன்.

சொன்ன கையோடு சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்த வேர்க்கடலைப் பொடி டப்பாவை எடுத்தேன். பின்னால் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று. அதற்குள் இரண்டாம் அறையில் குழாய் மூட வரவில்லை, தண்ணீர் கொட்டுகிறது என்று ஒரே கூச்சல். டப்பாவை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். குழாயோடு மல்லுக்கட்டி, தரையைத் துடைத்து, இறங்கி வரும்போது டப்பா என் நினைப்பிலேயே இல்லை.

மறுநாள் காலை முதல் பான்கேக்கை வாயில் வைத்தேன். எது இல்லை, எது இல்லை என்று தேடியே பழகிய நாக்கு. உப்பு இருந்தது. சர்க்கரை இருந்தது. முட்டை, பவுடர் எல்லாம் அளவாக இருந்தன. அதற்கு மேல் வறுத்த வாசனை ஒன்று, அவ்வளவு ருசி. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக எதுவுமே குறையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படி?" என்றார்.

"நிஜமாவே பிரமாதங்க!"

ஓடிப்போய்ப் பலகையில் பெரிய எழுத்தில் 'இன்று: வேர்க்கடலை பான்கேக்' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்தேன். என் கையால் எழுதிய எழுத்து, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

குட்டி முதலில் இறங்கி வந்தாள். "அம்மா இன்னும் தலை சீவுறாங்க. எனக்குப் பசிக்குது."

"பெருசு வேணுமா, சின்னது வேணுமா?"

"உங்க மூஞ்சி அளவுக்கு வேணும்" என்றாள். பெட்டிக்காரர் காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கழுத்தைச் சொறிந்தாள். "ஆன்ட்டி, நாக்கு அரிக்குது" என்றாள். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். ஐயோ கடவுளே! படியில் பாதி இறங்கிய வக்கீலம்மாவும் அதே நேரத்தில் பலகையைப் படித்துவிட்டார். அலறிக்கொண்டு திரும்பி மேலே ஓடினார், பையோடு வந்தார். அதற்குள் குட்டியின் உதடு தடித்து, கண் இடுங்கி, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. பெட்டிக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். அந்த அம்மா கவுனுக்கு மேலேயே தொடையில் ஊசியைக் குத்தினார். நான் பலகைக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

சத்தம் கேட்டு அவர் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார். எல்லாவற்றையும் பார்த்தார். கரண்டியிலிருந்து மாவு சொட்டிக்கொண்டே இருந்தது.

குட்டி பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் வக்கீலம்மா போனில் சொன்னார், சொல்லிவிட்டுத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். என்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கடலைன்னு எழுதியிருக்கியேம்மா."

அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"தினமும் நீ எழுதினப்புறம் வந்து பாப்பேன். அப்பதான் அன்னைக்கு எதை விட்டேன்னு எனக்கே தெரியும். தேன்னா சர்க்கரை. சுருள்னா பவுடர். சரி, இவ பாத்துட்டா, இனிமே பயமில்லைன்னு போய்டுவேன்" என்றார்.

அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. நான் அவருக்குத் தெரியாமல் எழுதினேன், அவர் எனக்குத் தெரியாமல் படித்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

இப்போது பான்கேக் நான்தான் சுடுகிறேன். ஒரே வகை. பலகையைத் துடைத்துவிட்டேன். பெட்டிக்காரர் எதுவும் கேட்பதில்லை, தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். என் வீட்டுக்காரர் மட்டும் வழக்கம்போல ஐந்தரைக்கே எழுந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்கிறார். நின்றதும் கேட்பது ஒன்றுதான்.

"அந்தப் பாப்பாவுக்குக் கடலை போட்டுட்டேனே. உயிரோட இருக்குதா பாப்பா?"

வக்கீலம்மாவிடம் கெஞ்சி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். குட்டி பள்ளிக்கூட யூனிபார்மில், பல் விழுந்த இடத்தைக் காட்டி இளிக்கிறாள். போனை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "லட்சணமா இருக்கு. யாரு இது?" என்றார். மறுநாள் காலை மறுபடியும், "கடலை போட்டுட்டேனே."

சர்க்கரையை மறந்தார், உப்பை மறந்தார், என் தங்கையை மறந்தார். பலகை முன்னால் நின்று என்னிடம் பேசியதையும் மறந்துவிட்டார். இந்த ஒன்றை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறாரே, நான் என்ன செய்வேன்?

இன்று காலையும் கேட்டார். கண்ணில் தண்ணீர். அடுப்பை அணைத்துவிட்டு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க இல்லைங்க. டப்பாவை உங்க முன்னாடி கொண்டுவந்து வச்சது நான். ருசி பாத்தது நான். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "நீ இப்படித்தான் சொல்லுவ" என்றார். "எனக்காக எத்தனை பொய் சொல்லியிருக்க."

"பொய் இல்லைங்க. சத்தியமா."

"சரி சரி" என்று சிரித்தார். நான் பிரமாதம் என்று சொன்னபோதெல்லாம் சிரித்தாரே, அதே சிரிப்பு.