மூன்று பை சீமெந்துக்கான காரணம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விண்ணப்பப் படிவத்தில் 'காரணம்' என்ற கோடு காலியாகக் கிடந்தது. அதை நிரப்பத் தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாவிக்கரையில் மெல்ல விடிந்தபோது... (வேண்டாம். அழகாகத் தொடங்க இது நேரமில்லை.)

2

ஆண்டு தொண்ணூற்றாறு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் புஸ்பத்தின் சீதன வீடு. பழையது, மாரி வெள்ளம் ஏறாதிருக்க மூன்று படி உயர்த்திக் கட்டியது. அவள் புருஷன் வினாயகமூர்த்தி, வட்டை வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய் மிதிவெடியில் இரண்டு கால்களையும் இழந்தவன். அவனுடைய சில்லுக்கதிரை வாசல்வரைதான் போகும். போன மாதம் ஷெல் விழுந்தபோது ஊரே ஓடியது. புஸ்பம் அவனைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் கட்டிலுக்கடியில் கிடந்தார்கள்.

"அடுத்தமுறை நீ ஓடு புள்ள."

"வாய மூடுங்க."

(படிமேல் பலகை போட்டால் போதாதா என்பீர்கள். போட்டாள். மழையில் வழுக்கி, கதிரையோடு குப்புற விழுந்தான்.)

3

படிக்குப் பதில் சரிவாக ஒரு வழி கட்ட மூன்று பை சீமெந்து வேண்டும். சீமெந்து இயக்கப் பெடியளுக்குப் பங்கர் கட்டப் போய்விடும் என்று ஆமிக்குச் சந்தேகம். காம்ப்பில் அனுமதி எடுக்க வேண்டும். புஸ்பம் படிவத்தோடு, ஊர் அலுவல் பார்க்கும் விதானையாரின் கந்தோருக்குப் போனாள்.

"காரணம் என்னண்டு போட, தங்கச்சி?"

"கால் இல்லாதவருக்கு வழி கட்ட எண்டு போடுங்க."

விதானையார் பேனாவைக் கீழே வைத்தார். "கால் எப்பிடிப் போனதெண்டு காம்ப்பில கேப்பானுகள். வட்டையில எண்டா நம்புவானுகளா? இயக்கத்துல நிண்டு போன கால் எண்டுதான் நினைப்பானுகள்."

"அப்ப, கிணத்துக்கட்டு எண்டு போடுங்க."

"வந்து கிணத்தப் பாப்பானுகளே!"

புஸ்பம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும்தான்.

4

அவளுக்காக மூன்று முடிவுகள் எழுதினேன். உண்மையைப் போட்டேன்: வாசலில் ட்ரக் வந்து நின்றது, நாலு பேர் இறங்கி (வரியை அடித்துவிட்டேன்). பொய்யைப் போட்டேன்: சரிவு எழும்பியது, வினாயகமூர்த்தி முற்றத்துக்கு உருண்டு வந்து சிரித்தான், ரோந்து வந்த ஒருவன் கிணற்றடிக்குப் போய்... போதும். படிவத்தையே கிழித்தும் பார்த்தேன். மறுகிழமை ஷெல் விழுந்தது, ஊர் ஓடியது.

எழுதுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்பார்கள். விசர்க் கதை.

5

மணி மூன்றரை. நாலுக்குக் கந்தோர் பூட்டிவிடும்.

"கெதியாச் சொல்லு தங்கச்சி, என்னத்தப் போட?" என்கிறார் விதானையார்.

புஸ்பம் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது உங்களைப் பார்க்கிறாள்.

நீங்கள் எழுதுங்கள். கீழே கையெழுத்து வைக்கப் போகிறவள் அவள்தான்.