முப்பத்தொன்றாம் கல்லும் ஆடுகள் படுக்கும் வேகத்தடையும்

1

இந்தக் கதை ஒரு மினிபஸ்ஸில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலாவியின் வடக்கே, மாவட்டத் தலைமையிடமான போமாவிலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கும் சாலை. இருபது வருடமாக அதில்தான் போய்வருகிறேன். மழைக்காலம் முடிந்த கையோடு ஒருநாள், வீடும் இல்லாத கடையும் இல்லாத ஒரு வெட்டவெளியில் பஸ் எங்களைத் தூக்கிப் போட்டது. புத்தம்புது வேகத்தடைகள், மூன்று. அவற்றின் மேல் ஆடுகள் சொகுசாகப் படுத்திருந்தன. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஒரு ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

"இந்தப் பொட்டல்ல எதுக்குப்பா போட்டாங்க?" என்று நடத்துநரைக் கேட்டேன்.

"ஆடுங்க மனு குடுத்திருக்கும் பெரியவரே. மனுசங்க குடுக்குற மனுதான் எங்கயும் போய்ச் சேராதே."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "தொவேரா ம்சிஸ்கா திரையில் ஒரு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சன்னலுக்கு வெளியே ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூக்களை..." (வேண்டாம். ஜகரண்டா இல்லாமல் ஒரு ஆபீஸ் கதை எழுத எனக்கு எப்போது வருமோ.)

இரண்டாம் தொடக்கம்: "சாலை என்பது உண்மையில்..." (தத்துவம். அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். தொவேராவுக்கு வயது முப்பத்திரண்டு. சாலை அலுவலகத்தில் வரைபடம் பார்ப்பவள். நாலு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள், வேலை நிரந்தரமாகும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள். அவள் கைக்கு வந்தவை இருநூற்றுப் பதினாலு துண்டுக் கோடுகள். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் யார் யாரோ எப்போதோ இழுத்தவை. பார்க்க அது சாலைதான். ஆனால் "முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் எங்கே?" என்று கேட்டால் அந்தக் கோடுகளுக்குப் பதில் தெரியாது. பதில் சொல்ல வைப்பதுதான் அவள் வேலை. துண்டுகளை ஒரே கோடாக்கி, போமாவில் சுழியத்தை வைத்து, கோடு நெடுகக் கிலோமீட்டரை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் அப்புறம் குழியோ பாலமோ விபத்தோ, எதற்கும் ஒரு எண் போதும்.

சில துண்டுகளை ஏரியிலிருந்து போமா நோக்கித் தலைகீழாக இழுத்திருந்தார்கள். அவற்றைத் திருப்பினாள். பாலங்களில் மயிரிழை இடைவெளி இருந்தது, ஒட்டினாள். கண் எரிய எரிய ஆறு வாரம். ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டாள்: சாலையோரக் கிலோமீட்டர் கற்களை.*

* இது முக்கியம், பொறுமையாகப் படியுங்கள். இருபத்துநாலாம் கல்லுக்கு அப்பால் சாலை முன்பெல்லாம் குன்றைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு குன்றை வெட்டி நேராக்கினார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் மிச்சம். ஆனால் அதற்கப்புறம் வரும் கற்களைப் பிடுங்கி நட யாருக்கும் நேரமில்லை. அதனால் 31 என்று எழுதிய கல் நிற்பது, அளந்து பார்த்தால், இருபத்தொன்பதரைக் கிலோமீட்டரில். ஊர் முழுக்க இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் போய்ச் சொல்வார்கள்?

போலீஸ் விபத்தைக் கல்லைப் பார்த்துத்தான் எழுதும். ஒரு விபத்துக்கு 31 என்று எழுதியிருந்தது. கல்லைக் கோட்டின் மேல் ஆணியடித்த மாதிரி பொருத்தாததால், கோடு தன் சொந்த நீளத்தை நம்பி, கல்லைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு பொட்டலைக் காட்டியது. ஒப்பந்தக்காரர் அங்கேயே தாரில் வேகத்தடைகளைப் போட்டுவிட்டுப் போனார்.

3

முப்பத்தொன்றாம் கல்லருகே ஒரு பள்ளிக்கூடம். எதிரே மசோசி கோன்ட்வே மண்டாசி என்கிற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்கிறாள். மசோசியின் மகள் தெம்வாவின் காலில் புகையிலை லாரி ஏறியது அங்கேதான். வேகத்தடை கேட்டு மனு எழுதியது மசோசிதான். தடை வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் மண்டாசியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"படம் போடுற பொண்ணு நீதானா? இந்தா, முதல்ல சாப்பிடு. வெறும் வயித்துக்காரியத் திட்ட எனக்கு மனசு வராது."

"என்னக்கா ஆச்சு?"

"ஆட்டுக்குத் தடை போட்டுக் குடுத்திருக்க. என் பொண்ணு கால்ல கம்பி வச்சிருக்கு. அங்க எந்த ஆட்டுக்கு என்ன ஆச்சு, சொல்லு?"

தொவேரா திரையைத் திருப்பிக் காட்டினாள். "முப்பத்தொண்ணுலதான் போட்டிருக்கோம். நீங்களே பாருங்க."

"எந்த முப்பத்தொண்ணு? அந்தக் கல்லு என் கடை வாசல்ல நிக்குது தங்கச்சி. அது மேலதான் நான் கூடைய வைக்கிறேன்."

தொவேரா திரையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். (முதலில் "பூமி பிளந்தது" என்று எழுதினேன். திரையைத் திருப்பினாள், அவ்வளவுதான்.)

"பாக்குறேன்க்கா" என்றாள். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. நிரந்தர உத்தரவு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட மூன்று வாரம் அது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் பிரதியில் தெம்வாவை நான் கொன்றேன். லாரி, சிவப்புப் பை, சாலையில் ஒற்றைச் செருப்பு. எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தேநீர் குடித்தேன். பாதிக் கோப்பையில் என்மேல் எனக்கே அருவருப்பாகிவிட்டது. கிழித்தேன். இந்தக் கதையில் எந்தக் குழந்தையும் சாகாது. இதற்காக என்னைக் கோழை என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

4

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த மசோசியும் மற்ற சந்தைப் பெண்களும், கறையான் புற்று மண்ணையும் கல்லையும் கூடைகூடையாகச் சுமந்து வந்து, முப்பத்தொன்றாம் கல்லடியில் சாலைக்குக் குறுக்கே தாங்களே ஒரு மேடு கட்டிவிட்டார்கள். அழகில்லாத மேடு. ஆனால் லாரிகள் அடங்கி ஒடுங்கிப் போயின.

வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி நியிரொங்கோ தொவேராவைக் கூப்பிட்டார்.

"முப்பத்தொண்ணுல யாரோ மண்ணக் கொட்டி மேடு போட்டிருக்காங்களாம்மா. அனுமதி கிடையாது. நாளைக்கு உடைக்கிற வண்டி தலைநகர்லருந்து வருது. இடத்தக் கோட்டுல ஏத்தி ஓட்டுநருக்கு ஒரு தாள் எடுத்துக் குடுத்துடு."

"சரிங்க ஐயா."

"உன் நிரந்தர ஆர்டர் என் மேசைலதான் இருக்கு. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடுறேன். இனிமே மாசக் கடைசில பயந்துக்கிட்டு இருக்க வேணாம்."

அன்பாகத்தான் சொன்னார். அவர் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

5

முடிவு அ. தொவேரா 31 என்று தட்டுகிறாள். பொய்கூட இல்லை, அவர் சொன்ன எண்தான். தலைநகர வண்டி தாளை நம்பிப் பொட்டலுக்குப் போய், அரசாங்கமே போட்ட மூன்று தடைகளையும் உடைத்துவிட்டுத் திரும்புகிறது. ஆடுகள் எழுந்து போகின்றன. மண்மேடு பிழைக்கிறது. தொவேரா நிரந்தரம்.

எழுதிவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. இருபத்துநாலுக்கு அப்பால் அந்தக் கோடு முழுக்கத் தப்பு. அடுத்த மாதம் ஆம்புலன்ஸும் அதே கோட்டை நம்பித்தான் ஓடப்போகிறது. முப்பத்தொன்றாம் கல்லில் பிரசவ வலி என்று யாராவது கூப்பிட்டால், வண்டி போய் ஆடுகளிடம் நிற்கும்.

முடிவு ஆ. தொவேரா கற்களைக் கோட்டில் பொருத்துகிறாள். உடனே கோடு உண்மையைச் சொல்கிறது: அனுமதி கிடைத்த தடையின் இடமும் பெண்கள் கட்டிய மேடும் ஒன்றேதான். அதை உடைக்க முடியாது, தார்தான் பூச வேண்டும். ஆனால் அப்படியானால் ஆடுகளின் தடைகள் யார் தவறு என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். மேசையில் இருக்கும் உத்தரவு அங்கேயே...

(முடிக்க முடியவில்லை. எனக்குத் தொவேராவைப் பிடிக்கும். அவள் நாலு வருடம் பயந்ததை நான் கூடவே இருந்து பார்த்த மாதிரி இருக்கிறது.)

6

வெள்ளிக்கிழமை பிற்பகல். திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருக்கின்றன. ஒன்றில் ஓட்டுநருக்கான தாள், அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. இன்னொன்றில் ஒரு கடிதம்: "மதிப்பிற்குரிய ஐயா, கற்களைப் பொருத்த மறந்தது நான்தான்." அனுப்பவில்லை. கைபேசி அடிக்கிறது.

"தங்கச்சி, மசோசி பேசுறேன். உடைக்க வராங்களாமே, நெசமா?"

"அக்கா..."

"உன்னத் திட்டக் கூப்பிடல. தெம்வா திங்கக்கிழமைலருந்து பள்ளிக்கூடம் போறேன்னு நிக்கிறா, ஊன்றுகோலோட. மெதுவாத்தான் கடப்பா. அனுப்பலாமான்னு உன்கிட்டக் கேட்டுக்கலாம்னு..."

நான் இங்கே நிறுத்துகிறேன். தந்திரமில்லை, எனக்கு ஒரு தவறு தெரிந்துவிட்டது. இந்தக் கதையின் சுழியத்தை நான் ஆடுகளிடம் வைத்தேன், நீங்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக. அங்கிருந்து எண்ணினால் தொவேராவின் பயம் பெரிதாகவும் தெம்வாவின் கால் ஏதோ மூன்றாம் பகுதியில் வரும் சங்கதியாகவும் தெரிகிறது. கல்லைப் பொருத்தாமல் நானும் கோடு இழுத்திருக்கிறேன். தவறு என்னுடையது என்று எழுதிவிட எனக்கு ஒரு வரிதான் ஆனது. நான் இழக்க எந்த உத்தரவும் மேசையில் இல்லை.

தொவேரா கைபேசியைக் காதில் வைத்தபடி இருக்கிறாள். அக்கா அந்தப் பக்கம் காத்திருக்கிறாள். முதல் வரியை மாற்றித் தருகிறேன். இங்கிருந்து நீங்கள் எண்ணிக்கொண்டு போங்கள்:

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, தெம்வா ஊன்றுகோலைத் தாரின் மேல் வைத்தாள்.