கதவைச் சாத்திப் பார்த்த நிறம்

ஒரு பெருநகரத்தின் இரண்டு விமான நிலையங்களுக்கும் இனி ஒரே பெயர், ஒரே நிறமாம். அறிவிப்புப் பலகை, பஸ், பயணிகளுக்கு வழி சொல்லும் பெண்களின் பட்டுப்புடவை, எல்லாம் அந்த நிறத்தில்தான். நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் என் பட்டுக் கடைக்கு விமான நிலையத்தின் சார்பில் வந்திருந்தாள் கீர்த்தி. பெயரை மாற்றினால் விமானம் சீக்கிரம் கிளம்பிவிடுமா என்று எனக்கு எரிச்சல்.

அரக்குப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். எங்கள் ஊரில் பட்டின் நிறத்தை வெயிலில் காட்டித்தான் விற்போம்.

"உள்ளேயே காட்டுங்க சார். கதவையும் சாத்திடுங்க" என்றாள்.

"டியூப் லைட்டுல பட்டு பாக்குறதா? நல்லா இருக்குதும்மா நியாயம்!"

"ஏர்போர்ட்டுக்குள்ள ராத்திரி பகலா லைட்டுதான் சார். வழி தெரியாம நிக்கிறவங்களுக்கு இந்தப் புடவை தூரத்துலயே தெரியணும்."

முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். வெயிலில் ஜொலிக்கும் அரக்கு கறுத்துப்போயிற்று. வெளுத்த நிறம் என்று நான் மூலையில் ஒதுக்கியிருந்த மாம்பழ மஞ்சள், கடையின் மறுகோடியில் பளிச்சென்று நின்றது. அதைத்தான் எடுத்தாள், கெட்டிக்காரி. இத்தனை வருஷம் கடை நடத்தியும் எனக்கு இது தோன்றியதில்லை.

மறுநாள் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். மணப்பெண் அரக்குப் புடவையோடு வாசலுக்குக் கிளம்பினாள்.

"இரும்மா. இது முகூர்த்தத்துக்கா, ராத்திரி ரிசப்ஷனுக்கா?"

"ரிசப்ஷனுக்கு."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.