வலது பக்கப் பட்டன்

அந்த மனிதருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். எங்கள் நிறுவனம் செய்யும் ஆஸ்பத்திரி ஆப்பில் முன்பதிவு டீமுக்கு அவர் தலைவர். என் வேலை டிசைன் சிஸ்டம். எல்லா டீமும் பயன்படுத்தும் பட்டன், கட்டம், நிறம், எழுத்து அளவு இவற்றை ஒரே இடத்தில் உருவாக்கிப் பராமரிப்பது. ஒழுங்காக இருக்கும்வரை யார் கண்ணிலும் படாத வேலை. அதனால் சீந்துவாரும் இல்லை.

ஒரு விதிக்காக மட்டும் கரடியாகக் கத்தியிருக்கிறேன். சம்மதம் எப்போதும் வலது பக்கம், ரத்து இடது பக்கம். ரத்தை அழுத்தினால் 'நிச்சயமாகவா?' என்று ஆப் ஒருமுறை கேட்கும். பொதுவில் இருப்பதையே இணைத்துக்கொள்ளுங்கள், காப்பி எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டால் நான் செய்யும் திருத்தம் உங்களுக்கு வந்து சேராது என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

நேற்றுக் காலை அக்கா போன் செய்தாள். அவளுக்கு மறுநாள் கண் ஆபரேஷன். தள்ளிப்போனால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"ஏண்டி, என் இடத்த வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம். ஆப்ல கேட்டதுக்கு வரேன்னுதானே நான் அழுத்தினேன்."

"எந்தப் பட்டன்க்கா?"

"எனக்கு எழுத்தா தெரியுது? வலது பக்கம் இருந்தத அழுத்தினேன். நீ செஞ்சதுல எப்பவும் அதுதானே."

என் போனில் ஒரு சோதனை முன்பதிவைத் திறந்து பார்த்தேன். வலது பக்கத்தில் 'வரவில்லை' என்று இருந்தது. அழுத்தினேன். எந்தக் கேள்வியும் வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நேராக அவசரத்தின் மேசைக்குப் போனேன்.

"யாரைக் கேட்டு சார் பக்கத்த மாத்தினீங்க?"

"வராதவங்க சீக்கிரம் சொல்லிட்டா இடம் வீணாகாதுன்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க. கைக்கு எட்டற பக்கம் வெச்சோம். அவசரம்."

"அந்தக் கேள்வி எங்க போச்சு?"

"நீங்க அதச் சேக்கறதுக்கு முன்னாடியே நாங்க காப்பி எடுத்துட்டோமே."

ஏதோ சாமர்த்தியம் செய்தவர்போல அதைச் சொன்னார். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"புகார்னு ஒரு டிக்கெட் போட்டு வைம்மா. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

"அடுத்த ரிலீஸ் வரைக்கும் எங்கக்கா கண்ணு காத்திருக்குமா சார்? ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் போடுங்க. தப்பு நம்மளதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

அலுவலகமே எட்டிப்பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன். மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே போன் செய்தார். பலன் இல்லை. அந்த இடத்துக்கு வேறொருவரைச் சேர்த்தாகிவிட்டது. அந்த டாக்டர் அதற்கடுத்த நாள் முதல் விடுப்பாம். அவர் திரும்பி வந்த பிறகுதான் அக்காவுக்கு இடம்.

மற்றவர்களாவது ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மற்ற டீம்களின் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். மருந்துப் பக்கத்தில் சம்மதம் இடது, பரிசோதனைப் பக்கத்தில் வலது, கட்டணப் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று. ஆளாளுக்கு இஷ்டம்போல் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தனியாக இருப்பவள். மருந்து வரவழைப்பது, டாக்டரிடம் நேரம் கேட்பது எல்லாம் அந்தப் போனில்தான். யாரையும் ஏவியதில்லை. மூக்குக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புதுத் தேதி வந்திருக்கு போல. எந்தப் பக்கம் அழுத்தணும்?"

"நீ தொடாதக்கா. நான் பாத்துக்கறேன்."

"மருந்துக்கு?"

"அதையும் தொடாத."

போனை என் கையில் கொடுத்தாள்.

"அப்ப இனிமே ஒண்ணொண்ணுக்கும் உன்னத்தான் கூப்பிடணுமா?"